கட்டெறும்புக்கு வீட்டிலேயே கூடு செய்ய எது நல்லது: பிஓபியா, ஏஏசி பிளாக்கா?

மொட்டைமாடி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. தாம்பரத்தில் இருக்கிறேன். மழை விட்ட ஒரு சாயங்காலம் மாடி விளக்கடியில், சிறகை உதிர்த்துவிட்டுத் தரையில் சுற்றிக்கொண்டிருந்த கட்டெறும்பு ராணி ஒன்றைப் பிடித்து டெஸ்ட் ட்யூபில் விட்டேன். கேம்போனோட்டஸ் கம்ப்ரெஸ்ஸஸ் இனம்தான், நம் ஊர் வேப்பமரத்தடியில் எல்லாம் இருக்குமே, அதேதான். ட்யூபில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், அதை அடைக்கப் பஞ்சு, நடுவில் ராணி, வாயில் இன்னொரு பஞ்சு என்று வழக்கமான முறை. அவள் எதையும் சாப்பிடாமலே முட்டையிட்டுப் புழுக்களை வளர்த்துவிட்டாள், இப்போது வேலைக்காரிகள் இருபதை நெருங்குகிறார்கள், அதுபோகப் பழுப்பு நிறக் கூட்டுப்புழுப் பொதிகள் ஒரு குவியல் இருக்கின்றன.

ட்யூபில் தண்ணீர் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது, பஞ்சும் மஞ்சளாகிவிட்டது. அதனால் ஒரு நிரந்தரக் கூடு செய்யலாம் என்று பார்க்கிறேன். கடையில் விற்கும் அக்ரிலிக் கூடு என் பட்ஜெட்டுக்கு வராது, தவிர நானே செய்து பார்க்க ஆசை. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் (பிஓபி) போதும் என்று சிலர் சொல்கிறார்கள், சென்னைக் காற்றின் ஈரத்துக்கு அது சரிப்படாது, சுவர் கட்டும் ஏஏசி பிளாக்தான் நல்லது என்றும் சிலர் சொல்கிறார்கள். எந்தப் பொருளில் செய்வது, அறைகள் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், வெளியே வராமல் எப்படித் தடுப்பது? கடைசிக் கேள்வி அம்மாவுக்காக. சமையலறைக்கு எறும்பு வந்தால் எல்லாவற்றையும் மாடியிலிருந்து வீசிவிடுவேன் என்று சொல்லியிருக்கிறார்.

---

களிமண் (மதுரை) எழுதியது:

தம்பி, முதல் கூடு பிஓபியிலேயே செய்யுங்கள். ஹார்டுவேர் கடையில் கிலோ கணக்கில் கிடைக்கும், விலையும் குறைவு, சரியாக வரவில்லை என்றால் உடைத்துப் போட்டுவிட்டு மறுபடி ஊற்றலாம். நான் செய்யும் முறையைச் சொல்கிறேன்.

பக்கங்கள் நேராக, உள்ளே தெளிவாகத் தெரிகிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் டப்பா எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் விளையாடும் க்ளேயை அறை அறையாகப் பிடித்து டப்பாவின் அடியில் அழுத்தி ஒட்டுங்கள், நடுநடுவே மெல்லிய திரியாக உருட்டி இணைத்தால் அதுதான் வழி. க்ளேயின் விளிம்பு டப்பாவோடு இடைவெளி இல்லாமல் ஒட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிஓபி அதன் அடியில் பாய்ந்து ஒரு மெல்லிய படலமாக நின்றுவிடும், அப்புறம் அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்றே பார்க்க முடியாது. எடைக்கணக்கில் பத்துப் பங்கு பொடிக்கு ஏழு பங்கு தண்ணீர். தண்ணீரில் பொடியைத் தூவிக் கலக்குங்கள், பொடியில் தண்ணீரை ஊற்றினால் கட்டி தட்டும். ஊற்றியதும் டப்பாவை மேசையில் நாலு தட்டுத் தட்டினால் காற்றுக்குமிழ் மேலே வந்துவிடும். இறுகும்போது டப்பா கையில் சூடாகத் தெரியும், அது இயல்புதான். நன்றாக இறுகிச் சூடு ஆறியதும் கட்டியை வெளியே தட்டி எடுத்து, க்ளேயை ஸ்பூன் காம்பால் நோண்டி எடுத்துவிடுங்கள். நிழலில், ஃபேன் காற்றில், கட்டியைக் கன்னத்தில் வைத்தால் ஜில்லென்று இல்லாத அளவுக்குக் காயவிட்டு, அதே டப்பாவுக்குள் திருப்பிப் பொருத்தினால் கூடு தயார்.

பல் டாக்டர்களுக்குச் சாமான் விற்கும் கடை பக்கத்தில் இருந்தால் டென்டல் ஸ்டோன் கேட்டுப் பாருங்கள். அதுவும் பிஓபி போல ஜிப்சம் வகைதான், ஆனால் கெட்டி. 100 கிராமுக்கு 30 மில்லி தண்ணீர் போதும், எறும்பு லேசில் பிராண்ட முடியாது.

---

கொத்தனார் மகன் (கோவை) எழுதியது:

களிமண் அண்ணன் சொன்ன வார்ப்பு முறையில் குறை எதுவும் இல்லை, மதுரைக்கு அது பொருந்தும். தாம்பரத்துக்கு நான் பிஓபி சொல்ல மாட்டேன். ஜிப்சம் தண்ணீரில் கொஞ்சம் கரையும், லிட்டருக்கு இரண்டு கிராம் அளவு. கேட்கச் சின்ன அளவுதான், ஆனால் கூட்டுக்கு வாராவாரம் தண்ணீர் விடுகிறோம், எப்போதும் ஈரமாகவே இருக்கும் இடம் மெதுமெதுவாக மாவாகும். கட்டெறும்பின் தாடைக்கு அந்த மாவு போதும். சுவரைக் கிள்ளிக் கிள்ளி எடுத்து அறையைப் பெரிதாக்கிக்கொண்டே போய்ச் சில சமயம் வெளிப்பக்கமே வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் துணியே காயாது, அதில் பிஓபி எங்கே காயப்போகிறது? அப்புறம் பூஞ்சை.

ஏஏசி பிளாக் எடுங்கள். சுவர் கட்டுகிற வெள்ளை, சாம்பல் நிற லைட்வெயிட் பிளாக்தான். சுண்ணாம்பு, சிமெண்ட், சாம்பல் அல்லது மணலோடு கொஞ்சம் அலுமினியப் பொடி கலப்பார்கள், அது ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பி உள்ளே முழுக்கத் துளையாக்கிவிடும், பிறகு அழுத்தமான நீராவியில் வேகவைப்பார்கள். அந்தத் துளைகள்தான் நமக்கு வேண்டியவை. தண்ணீரை மெதுவாக உறிஞ்சி மெதுவாகக் கடத்தும், ஆனால் கரையாது. ஐரோப்பாவில் எறும்பு வளர்ப்பவர்கள் யிடாங் என்று சொல்லிப் பல வருடமாக இதில்தான் செதுக்குகிறார்கள். முழு பிளாக் 600க்கு 200க்கு 100 மில்லிமீட்டர், அவ்வளவு உங்களுக்குத் தேவையில்லை. வீடு கட்டும் இடத்தில் மேஸ்திரியிடம் கேட்டால் உடைந்த துண்டைச் சும்மாவே கொடுப்பார். ஃப்ளை ஆஷ் செங்கல் என்று வேறொன்று இருக்கிறது, மாற்றி வாங்கிவிடாதீர்கள், அதைச் செதுக்கினால் கை போய்விடும். ஏஏசியில் ஆணியால் கீறினாலே பள்ளம் விழும்.

ரம்பத்தால் ஒரு உள்ளங்கை அளவுக்கு வெட்டி, தரையில் உப்புத்தாளைப் போட்டு ஒரு முகத்தை மட்டும் தேய்த்துக்கொண்டே இருங்கள். கண்ணாடியை வைத்தால் ஆடக் கூடாது, குனிந்து பார்த்தால் இடுக்கில் வெளிச்சம் தெரியக் கூடாது. இதில் பொறுமை வேண்டும். உங்கள் முதல் தலைமுறை வேலைக்காரிகள் ரொம்பச் சின்னவர்கள், ஒரு மில்லிமீட்டர் சந்து கிடைத்தால் தலையை விட்டுப் பார்ப்பார்கள். பிறகு பென்சிலால் அறைகளை வரைந்து, பழைய ஸ்க்ரூடிரைவரால் தோண்டுங்கள். பிளாக்கை நனைத்துக்கொண்டு தோண்டுங்கள், மாஸ்க்கும் போடுங்கள், அந்தத் தூசியில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலுக்கு ஆகாது. ஆழம் எட்டிலிருந்து பத்து மில்லிமீட்டர், வழிகளின் அகலமும் அவ்வளவே. இப்போது இருப்பவர்களுக்கு அது தாராளம்தான், ஆனால் பின்னால் பெருந்தலைக்காரிகள், அதாவது பெரிய தலை உள்ள வேலைக்காரிகள், வருவார்கள், ராணியும் போய்வர வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் தண்ணீர்க் குழி. ஒரு ஓரத்தில், அறைகளிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி, மேலிருந்து ஒரு குழி தோண்டுங்கள். அறைகளோடு அது சேரக் கூடாது. அதில் தண்ணீர் விட்டால் பக்கத்து அறை ஈரமாகவும் அடுத்தது சற்றுக் குறைவாகவும் கடைசி அறை உலர்வாகவும் இருக்கும். எது எங்கே இருக்க வேண்டும் என்பதை அவர்களே முடிவு செய்துகொள்வார்கள். முட்டையையும் சின்னப் புழுவையும் ஈரப் பக்கம் வைப்பார்கள், பொதிகளை உலர்ந்த பக்கம் அடுக்குவார்கள். பொதிகளை எந்த அறையில் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தாலே தண்ணீர் கூடிவிட்டதா குறைந்துவிட்டதா என்று தெரிந்துவிடும். கூடு முழுக்க ஒரே ஈரமாக இருந்தால் அவர்களுக்கு ஒதுங்க இடமே இல்லை. அதனால்தான் சொல்கிறேன், எந்தப் பொருளில் செய்தாலும் முதலில் ஈரம் எங்கே, உலர்ச்சி எங்கே என்று முடிவு செய்துவிட்டு அப்புறம் அறையை வரையுங்கள்.

செதுக்கி முடித்ததும் தூசி போகக் கழுவி, சில நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி வைத்துக் காயவிடுங்கள். புது சிமெண்ட் சாமானில் சுண்ணாம்பு போலக் காரத்தன்மை இருக்கும். கண்ணாடிக் கடையில் நாலு மில்லிமீட்டர் கண்ணாடியை அளவு சொல்லி வெட்டி, ஓரத்தைத் தேய்த்து வாங்குங்கள். சிலிக்கான் போட்டு ஒட்டலாம், ஆனால் நான் ரப்பர் பேண்டும் கிளிப்பும் போட்டு இறுக்கிவிடுவேன், பிறகு திறந்து சுத்தம் செய்ய வசதி. ஒட்டியே தீர வேண்டும் என்றால் பூஞ்சை மருந்து கலந்த பாத்ரூம் சிலிக்கான் வேண்டாம். சாதாரண சிலிக்கானும் காயும்போது வினிகர் வாடை அடிக்கும், அந்த வாடை சுத்தமாகப் போன பிறகுதான் எறும்பை விட வேண்டும்.

---

பூச்சிப்பேச்சு எழுதியது:

விலங்கியல் படித்தவள் என்ற முறையில் இரண்டு விஷயம்.

கொத்தனார் மகன் சொன்ன ஈரச் சரிவுக்கு ஒரு நல்ல பின்கதை உண்டு. பிரான்ஸில் சார்ல் ஜானே (1849–1932) என்று ஒரு பொறியாளர் இருந்தார், எறும்பு, குளவி ஆராய்ச்சியில் பெரிய ஆள். அவர் செய்த பிளாஸ்டர் கூட்டில் ஒரு முனையில் தண்ணீர்த் தொட்டி, அதிலிருந்து வரிசையாக அறைகள், போகப்போக உலர்வு. நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் இன்று விற்கும் கூடுகளில் பாதி அதே அமைப்புதான். அவருக்கு முன்னால் இங்கிலாந்தில் ஜான் லப்பக், இரண்டு கண்ணாடித் தகட்டுக்கு நடுவே மெல்லியதாக மண் போட்டு எறும்பு வளர்த்தார். அவரிடம் ஒரு ராணி கிட்டத்தட்ட 15 வருடம் உயிரோடு இருந்தாள். அதனால், மொட்டைமாடி, சும்மா சில மாதத்துக்கான பொழுதுபோக்கு என்று நினைத்து இறங்காதீர்கள். நீங்கள் வேலை மாறி வேறு ஊருக்குப் போனாலும் இந்த ராணி கூடவே வரக்கூடும்.

இரண்டாவது, அவசரப்படாதீர்கள். இருபது எறும்புக்குப் பத்து அறை கொடுத்தால் புதுக் குடித்தனத்துக்குக் கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்த கதைதான். ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு மிச்ச அறைகளைக் குப்பைமேடாக்குவார்கள், அதில் பூஞ்சை வரும், கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதால் நீங்கள் எடுக்கவும் முடியாது. எறும்புகள் எல்லாம் சேர்ந்து நிற்கும் இடத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு போதும். இப்போதைக்கு இரண்டு அறை மட்டும் திறந்து, மற்றதைப் பஞ்சால் அடைத்துவைக்கலாம். இல்லை, இன்னும் எளிதாக, புது டெஸ்ட் ட்யூப் ஒன்றில் தண்ணீர் நிரப்பிப் பழையதோடு வாய்க்கு வாய் வைத்து டேப் சுற்றிவிட்டால் ஐம்பது எறும்பு வரை அதிலேயே ஓட்டலாம். அதற்குள் நிதானமாகக் கூட்டைச் செதுக்குங்கள்.

காற்றோட்டம் பற்றி யாரும் சொல்லவில்லை. கட்டெறும்பு கோபம் வந்தால் ஃபார்மிக் அமிலம் பீய்ச்சும். காற்றுப் போகாத சின்ன டப்பாவில் அதைக் குலுக்கி எரிச்சலூட்டினால் தன் அமில ஆவியிலேயே செத்துப்போகும். மேல் பக்கம் ஒரு துளை போட்டு, பழைய டீ வடிகட்டியின் ஸ்டீல் வலையை வெட்டி ஒட்டுங்கள். நைலான் வலை வேண்டாம், கடித்து ஓட்டை போட்டுவிடும்.

---

தேன்துளி (நாகர்கோவில்) எழுதியது:

கூடு நல்லபடியாகச் செய்துவிடுவீர்கள், அம்மாவைப் பற்றித்தான் எனக்குக் கவலை 🙂

எறும்பு வெளியே வருவது ஒரு பிரச்சினை என்றால், வெளி எறும்பு உள்ளே வருவது அதைவிடப் பெரிது. வெளிநாட்டு வீடியோக்களில் இதைப் பற்றிப் பேசவே மாட்டார்கள், குளிர் நாட்டு அடுக்குமாடி வீட்டுக்குள் ஊர் எறும்பு வராது. நம் வீட்டில் தேன் வாசனைக்குப் பிள்ளையார் எறும்பு வரிசை கட்டும், அதுவாவது பரவாயில்லை. நெருப்பெறும்பு ஒரு ராத்திரியில் உள்ளே புகுந்தால் காலையில் ராணி இருக்க மாட்டாள். இதற்குப் பாட்டி காலத்து வழிதான், அலமாரிக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவோமே, அதே. அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மேல் கூட்டை வையுங்கள். சுவரிலும் திரைச்சீலையிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு நூல் தொட்டுக்கொண்டிருந்தால் போதும், அதுவே பாலம். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விடுங்கள், மேல்பரப்பில் நடந்து கடக்க முடியாது, கொசுப் புழுவும் பிழைக்காது. டெங்கு சீசனில் தட்டுத் தண்ணீரை வாரத்துக்கு இருமுறையாவது மாற்றுங்கள்.

கூட்டோடு ஒரு டப்பாவை இணைத்து அதைத்தான் மேய்ச்சலுக்கு விடுவோம், சாப்பாடும் அங்கேதான் வைப்பது. இணைக்கும் குழாய்க்கு மீன்தொட்டி ஏர் ட்யூப் வாங்கிவிடாதீர்கள், உள்விட்டம் நாலு மில்லிமீட்டர்தான், ராணிக்குத் திணறும். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் லெவல் ட்யூப் எட்டுப் பத்து மில்லிமீட்டரில் கிடைக்கும், கண்ணாடி போலத் தெரியும். டப்பாவின் மேல் விளிம்பில் உள்பக்கம், டால்கம் பவுடரை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் தயிர் பதத்துக்குக் கரைத்து இரண்டு விரல் அகலத்துக்கு பிரஷ்ஷால் பூசிக் காயவிடுங்கள். ஏறும் எறும்பின் காலில் பவுடர் உதிர்ந்து வழுக்கி விழும். மழைக்காலத்தில் கடற்கரை ஊர்க் காற்றுக்கு இந்தப் பூச்சு பிசுபிசுத்து வேலை செய்யாமல் போகும், அப்போது துடைத்துவிட்டு மறுபடி பூச வேண்டும். தேங்காய் எண்ணெய் தடவச் சொல்வார்கள், நம் வெயிலுக்கு அது வழிந்து கீழே வந்து எறும்பு மேலேயே ஒட்டும், வேண்டாம். அம்மாவுக்கு உறுதி கொடுக்க வேண்டும் என்றால் பவுடரோடு ஸ்டீல் வலை பதித்த மூடியும் போட்டுவிடுங்கள்.

அப்புறம் இதைப் பெரிய எழுத்தில் எழுதி அந்த அறைக் கதவில் ஒட்டுங்கள்: கொசுவத்தி, கொசு லிக்விட், எறும்பு சாக்பீஸ், கரப்பான் ஸ்ப்ரே எதுவும் அந்த அறையில் கூடாது. இவற்றில் பெரும்பாலும் இருப்பது பைரித்ராய்டு வகை மருந்து, கொசுவுக்கும் எறும்புக்கும் அது ஒன்றுதான். வீட்டில் மருந்தடித்த பிறகு தடுமாறித் திரியும் கரப்பானைப் பிடித்துத் தீனியாகப் போடுவதும் அதே ஆபத்து. கொசு பேட்டில் அடித்த கொசு சுத்தமான தீனி. வாரத்தில் ஒருநாள் வேகவைத்த முட்டையின் மஞ்சள் கரு ஒரு கடுகளவு. மற்றபடி சர்க்கரைத் தண்ணீரைப் பஞ்சில் நனைத்து வைத்து, புளிக்கும் முன் எடுத்துவிடுங்கள்.

---

மொட்டைமாடி எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பக்கத்துத் தெருவில் வீடு கட்டுகிறார்கள், இன்று போய் ஏஏசி துண்டு வாங்கி வந்துவிட்டேன், ஒரு சொட்டு தண்ணீர் விட்டதும் அப்படியே இழுத்துக்கொண்டது. டெஸ்ட் ட்யூபையும் பூச்சிப்பேச்சு அக்கா சொன்னபடி இன்னொன்றோடு இணைத்துவிட்டேன்.

இன்னும் சில சந்தேகம். கண்ணாடி மேல் சிவப்புத் தாள் ஒட்ட வேண்டுமா? கூடு தயாரானதும் எறும்புகளை எப்படி அதற்குள் மாற்றுவது, ட்யூபைத் தட்டிக் கொட்டலாமா? இரண்டாவது காலனியாக எங்கள் மாமரத்து முசுறு வளர்க்கலாமா? வெளிநாட்டு விதை எறும்பு ராணி ஆன்லைனில் விற்கிறார்கள், அதுவும் கண்ணில் பட்டது.

---

பூச்சிப்பேச்சு எழுதியது:

கொட்டவே கூடாது தம்பி. கொட்டினால் பொதிகள் நசுங்கும், ராணி மிரண்டால் முட்டையைத் தின்றுவிடுவதும் உண்டு. ட்யூபின் வாயைக் குழாயால் கூட்டோடு இணையுங்கள், கூட்டை இருட்டாக மூடி, ட்யூபை வெளிச்சத்தில் விடுங்கள். வேவுகாரிகள் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள், பிறகு ஒரு ராத்திரியில் பொதிகளை வாயில் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். சில சமயம் வாரக்கணக்கில் அசைய மாட்டார்கள், அதுவும் சரிதான், ட்யூபில் தண்ணீர் தீரும்போது தானாகப் போவார்கள். எறும்புக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது, அதனால் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டினால் அவர்களுக்கு அது இருட்டு, நீங்கள் பார்க்கலாம். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் செலோஃபேன் இரண்டு மூன்று மடிப்பு போதும். ஆனாலும் அசைவு அவர்களுக்குத் தெரியும், அடிக்கடி எடுத்துப் பார்க்காதீர்கள்.

வெளிநாட்டு ராணியை வாங்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். 2025 ஏப்ரலில் கென்யாவில் டெஸ்ட் ட்யூபில் பஞ்சு வைத்து அடைத்த சுமார் 5,000 ராணி எறும்புகளோடு பெல்ஜியத்தைச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள் பிடிபட்டார்கள், மே மாதம் நீதிமன்றம் ஆளுக்கு பத்து லட்சம் கென்ய ஷில்லிங் அபராதம் போட்டது. ஆப்பிரிக்கப் பெரிய விதை எறும்பு, மெஸ்ஸார் செஃபலோடெஸ். ஒவ்வொரு ராணியும் அங்கே உருவாகாமல் போன ஒரு புற்று. அதுவும் இங்கே தப்பி ஓடிப் பெருகினால் நம் ஊர் எறும்புக்கும் வயலுக்கும் என்ன ஆகும் என்று யோசியுங்கள். நம் வாசலில் இருக்கும் இனங்களைப் பார்த்து முடிக்கவே ஒரு ஆயுள் போதாது.

---

தேன்துளி (நாகர்கோவில்) எழுதியது:

முசுறை மரத்திலேயே விட்டுவிடுங்கள். அதற்கு நாம் கூடு செய்து கொடுக்கவே முடியாது, இலைகளை வரிசையாக நின்று இழுத்துப் பிடித்து, தன் புழுக்களை வாயில் தூக்கி அவை சுரக்கும் பட்டு நூலால் தைத்துக் கட்டும். ஒரே காலனிக்குப் பல மரத்தில் பல இலைக்கூடு இருக்கும், ராணி ஏதோ ஒன்றில்தான். ஒரு கூட்டைக் கிளையோடு ஒடித்து வந்தால் பெரும்பாலும் ராணி இல்லாத கூட்டம்தான் உங்களிடம் வரும், மெல்லச் செத்துத் தீரும். காலையில் மாமரத்தடியில் நின்று இளம் இலையை எப்படி வளைக்கிறார்கள் என்று பாருங்கள், சட்டைக் கையை மட்டும் இறக்கிவிட்டுக்கொள்ளுங்கள்.

---

கொத்தனார் மகன் (கோவை) எழுதியது:

தம்பி, சொட்டு இழுத்துக்கொண்டது நல்ல சகுனம், ஆனால் எவ்வளவு தூரம் பரவுகிறது என்றும் பார்த்துவிட்டுக் குழி தோண்டுங்கள். துண்டின் ஒரு முனையை அரை விரல்கடை தண்ணீரில் ஒரு ராத்திரி நிறுத்திவையுங்கள். காலையில் நிறம் கருத்து ஒரு கோடு தெரியும், அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு அறை, அந்தப் பக்கம் ஒரு அறை வருகிற மாதிரி பென்சிலால் குறியுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி பிளாக்கின் துளை மாறும், அதனால் என் அளவை அப்படியே எடுக்காதீர்கள். செதுக்கியதும் கண்ணாடி வைக்கும் முன் ஒரு படம் போடுங்கள், வழிகள் போதுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.